ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் லைசன்ஸ் போய்விடுமா?

தலவாக்கலை டவுனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 2019இல் வாங்கிய லெப்டொப். அதிலுள்ள 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கிவிட்டது. காலையில் கடையைத் திறந்து பிளேன்டீ குடித்து முடித்தாலும் விண்டோஸ் எழும்புவதில்லை. அதற்குப் பதிலாக 500 ஜிபி எஸ்.எஸ்.டி. (வேகமான புதிய வகை டிஸ்க்) ஒன்று போட நினைக்கிறார். பழுது பார்க்கும் கடையிலோ "டிஸ்க் மாறினால் விண்டோஸ் லைசன்ஸ் போய்விடும், புதிதாக வாங்கத்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். லெப்டொப்போடு வந்த ஒஃபிஸ், ஃபோட்டோஷொப், கண்டியில் ஒருவரிடம் வாங்கிய பில்லிங் சொஃப்ட்வெயர், ஜாதகம் கணிக்கும் சொஃப்ட்வெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. கடையில் விண்டோஸ் 7இலிருந்து 10க்கு ஏற்றிய பழைய டெஸ்க்டொப் ஒன்றும் உண்டு. எது தங்கும், எது போகும் என்று கேட்கிறார்.

தம்பி, விண்டோஸ் போகாது. ஒஃபிஸும் போகாது, ஆனால் அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபோட்டோஷொப் மாதக் கட்டணம் கட்டி எடுத்ததென்றால் பிரச்சினையே இல்லை. கவலைப்பட வேண்டியது பில்லிங்கையும் ஜாதகத்தையும் பற்றித்தான். அதற்கும் வழி இருக்கிறது, பழைய டிஸ்க்கில் உயிர் இருக்கும்போதே வேலையைத் தொடங்கினால்.

லைசன்ஸ் என்பது டிஸ்க்கில் கிடக்கும் ஒரு ஃபைல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிலவற்றுக்கு அது உண்மை. பெரும்பாலானவை வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று மதர்போர்டைப் பிடித்திருக்கும், ஒன்று ஈமெயில் கணக்கை, ஒன்று டிஸ்க்கின் சீரியல் நம்பரை, ஒன்று வைஃபை கார்டின் முகவரியை, இன்னொன்று யூ.எஸ்.பி.யில் செருகும் சின்னச் சாவியை. ஒவ்வொரு சொஃப்ட்வெயரும் எதைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், டிஸ்க்கைக் கழற்றும்போது எது அறும் என்பதும் தெரிந்துவிடும்.

விண்டோஸிலிருந்து தொடங்குவோம். 2001இல் எக்ஸ்பி வந்தபோது ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்ட், நெட்வொர்க் கார்ட், ரேம் என்று பல உறுப்புகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் 'இது அதே மெஷின்தானா' என்று முடிவு செய்தார்கள். அவற்றில் பல ஒன்றாக மாறினால் மறுபடி அக்டிவேட் செய்யச் சொல்லும், அதாவது லைசன்ஸை மைக்ரோசொஃப்ட்டிடம் மறுபடி உறுதிசெய்யச் சொல்லும். பழுது பார்ப்பவர்கள் இன்றும் பயமுறுத்துவது அந்தக் காலத்து அனுபவத்தை வைத்து. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், கம்பனியிலிருந்து விண்டோஸோடு வரும் லெப்டொப்களில் அந்த மெஷினுக்குரிய கீ மதர்போர்டிலுள்ள சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. முன்பு லெப்டொப்பின் அடியில் 25 எழுத்துள்ள ஸ்டிக்கர் ஒன்று இருக்குமே, அது காணாமல் போனது அதனால்தான். புது டிஸ்க்கில் விண்டோஸ் போடும்போது அந்த இன்ஸ்டோலர் சிப்பைப் படித்து, கீயைத் தானே எடுத்துக்கொள்ளும்.

2015இல் விண்டோஸ் 10 வந்தபோது இன்னொன்றும் சேர்ந்தது: டிஜிட்டல் லைசன்ஸ். மெஷின் முதல் தடவை இண்டர்நெட்டில் அக்டிவேட் ஆகும்போது அதன் உறுப்புகளிலிருந்து ஓர் அடையாளம் கணக்கிட்டு மைக்ரோசொஃப்ட்டின் சேர்வருக்கு அனுப்புகிறது. அதில் முக்கியமானது மதர்போர்ட். டிஸ்க் மாறினாலும் ரேம் கூடினாலும் சேர்வர் 'தெரிந்த ஆள்தான்' என்று விட்டுவிடும். தோட்டத்து லயத்தில் காம்பரா (அறை) மாறிப் போனாலும் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில், பெயர் இருக்கும்வரை வேலை உண்டு அல்லவா, அந்த மாதிரி. டிஸ்க் வெறும் காம்பரா.

அதனால் புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் போடும்போது கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தட்டிவிட்டுப் போகலாம். இண்டர்நெட் கிடைத்ததும் தானே அக்டிவேட் ஆகிவிடும். கடையில் லைன் இல்லை என்றால் ஃபோன் ஹொட்ஸ்பொட் போதும், பெரிய டேட்டா ஒன்றும் போகாது. அன்றைக்கே இண்டர்நெட் கிடைக்காவிட்டாலும் விண்டோஸ் ஓடும். திரையின் மூலையில் ஓர் எழுத்து வந்து நிற்கும், வோல்பேப்பர் மாற்ற விடாது, அவ்வளவுதான்.

இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. லைசன்ஸ் எந்தப் பதிப்புக்கு இருக்கிறதோ அதே பதிப்பைத்தான் போட வேண்டும். நம் பக்கம் விற்கும் லெப்டொப்களில் நிறைய 'ஹோம் சிங்கிள் லேங்குவேஜ்' என்ற பதிப்போடு வருபவை. டெக்னீஷியனின் பென்டிரைவிலோ எப்போதும் 'ப்ரோ' இருக்கும், அதுவும் யாரோ திருத்திக் கொடுத்த ப்ரோ. அதைப் போட்டால் சேர்வர் ஏற்காது. பிறகு "பார்த்தீர்களா, சொன்னேனே, லைசன்ஸ் போய்விட்டது" என்பார்கள். லைசன்ஸ் எங்கும் போகவில்லை. தவறான கதவைத் தட்டிவிட்டு வீட்டில் ஆள் இல்லை என்கிறார்கள். மைக்ரோசொஃப்ட்டின் தளத்திலிருந்து அவர்களுடைய கருவியாலேயே பென்டிரைவ் தயாரியுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் எல்லாப் பதிப்பும் இருக்கும், சிப்பிலுள்ள கீக்குப் பொருத்தமானதைத் தானே தெரிவு செய்யும்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு திரையைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், அதற்குள் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் அக்டிவேஷன். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு அக்டிவேஷன். 'டிஜிட்டல் லைசன்ஸ்' மூலம் அக்டிவேட் ஆகியிருப்பதாக இருந்தால் நல்லது. 'மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைந்த டிஜிட்டல் லைசன்ஸ்' என்று இருந்தால் இன்னும் நல்லது. 'உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேர்விஸ்' மூலம் என்று இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது பெரிய கம்பனிகள், பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த சேர்வரால் அக்டிவேட் செய்யும் முறை. 180 நாளைக்குள் அந்த சேர்வரோடு மறுபடி பேசாவிட்டால் அக்டிவேஷன் காலாவதியாகும். கொமியூனிகேஷன் கடை லெப்டொப்பில் அந்த வாக்கியம் வந்தால், யாரோ ஒரு தடவை ஃபோர்மெட் செய்து, ஹோமை அழித்து, திருட்டு அக்டிவேட்டரால் ப்ரோ ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அப்படியானாலும் பதற வேண்டாம். சிப்பிலுள்ள உண்மையான ஹோம் கீ அங்கேயே இருக்கிறது. புது எஸ்.எஸ்.டி.யில் ஹோமை ஒழுங்காகப் போட்டால் சட்டப்படியான விண்டோஸ் திரும்பக் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கியதை வைத்துக்கொண்டே திருட்டு விண்டோஸில் வேலை செய்யும் லெப்டொப்களை ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை எங்கும் காணலாம்.

அடுத்தது மைக்ரோசொஃப்ட் கணக்கு. என் அனுபவத்தில் ஆட்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான், லைசன்ஸில் அல்ல. லெப்டொப்பை வாங்கும்போது கடையில் ஒரு பையன் உட்கார்ந்து எல்லாம் செட் பண்ணித் தருவான். விண்டோஸ் ஈமெயில் கேட்கும். வாங்க வந்த ஐயாவிடம் ஈமெயில் இருக்காது, அல்லது ஞாபகம் இருக்காது. பையன் அந்த இடத்திலேயே ஒரு முகவரியை உண்டாக்குவான், ஒரு பாஸ்வேர்டைப் போடுவான், அதைப் பெட்டியின் மூடியில் எழுதித் தருவான். பெட்டி விறகோடு விறகாகப் போய்விடும். லெப்டொப்போடு வந்த ஒஃபிஸ் அந்தக் கணக்கில்தான் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய டிஸ்க் ஓடும்வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். புது டிஸ்க்கில் ஒஃபிஸைப் போடும்போதுதான் "முதலில் பாவித்த கணக்கில் நுழையவும்" என்று வரும்.

அதனால் பழைய டிஸ்க் ஓடும்போதே வேர்ட்டைத் திறந்து, ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் என்பதைத் தட்டுங்கள். எந்த முகவரி என்று அங்கே தெரியும். முகவரி உங்களுடையது, பாஸ்வேர்ட் தெரியும் என்றால் விஷயம் முடிந்தது. புது டிஸ்க்கில் அந்தக் கணக்கில் நுழைந்து ஒஃபிஸை இறக்கிப் போடலாம், கீயும் வேண்டாம் சீடியும் வேண்டாம். பாஸ்வேர்ட் தெரியாவிட்டால், அந்தக் கணக்கில் மீட்பு எண்ணாக எந்த ஃபோன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பழைய நம்பராக இருந்து, சிம்மைக் கைவிட்டிருந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். கடைப் பையனுடைய நம்பர் என்றால் அவனைத் தேடிப் பிடிப்பது இப்போது சுலபம், டிஸ்க் செத்த பிறகு கஷ்டம். லெப்டொப்போடு வந்த ஒஃபிஸ் அந்த லெப்டொப்புக்கு மட்டுமே உரியது, வேறு மெஷினுக்குக் கொண்டுபோக முடியாது. தனியாகப் பெட்டியில் வாங்கிய ஒஃபிஸை மாற்றலாம். மைக்ரோசொஃப்ட் 365 சந்தா என்றால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஐந்து கருவிகள் வரை நுழைந்திருக்கலாம், டிஸ்க் மாறுவது அதற்கு ஒரு விஷயமே இல்லை.

கணக்கைப் பற்றிப் பேசும்போதே பிட்லொக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டையும் சொல்லிவிட வேண்டும். இது லைசன்ஸ் அல்ல, ஆனால் டிஸ்க் மாற்றும்போது இதைவிடக் கொடுமை ஒன்றில்லை. புதிய லெப்டொப்கள் பலவற்றில், நீங்கள் கேட்காமலே, டிஸ்க்கிலுள்ள எல்லாம் பூட்டிய நிலையில்தான் எழுதப்படுகின்றன. சாவி மதர்போர்டிலுள்ள டி.பி.எம். சிப்பில் இருக்கிறது. டிஸ்க் அதே லெப்டொப்பில் இருக்கும்வரை உங்களுக்குப் பூட்டு இருப்பதே தெரியாது. கழற்றி யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டு வேறு கொம்பியூட்டரில் செருகினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் எங்கே இருக்கும்? பெரும்பாலும் அதே மைக்ரோசொஃப்ட் கணக்கில். பெட்டியின் மூடியோடு போன அதே கணக்கில்! விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு புதிதாகப் போடும் மெஷின்களில் இந்தப் பூட்டு இன்னும் பரவலாகத் தானே விழுகிறது. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள். ஓன் ஆகி இருந்தால் இரண்டு வழி: ஓஃப் செய்துவிட்டு, அது முழுதாகத் திறந்து முடியும்வரை காத்திருப்பது. அல்லது அந்த 48 இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைப்பது. உங்கள் டிஸ்க் ஏற்கனவே டிக் டிக் என்கிறது, முழு டிஸ்க்கையும் திரும்ப எழுத வைப்பது அதற்கு நல்லதல்ல. எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பில்லிங். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

உள்ளூரில் எழுதி விற்கும் பில்லிங், ஸ்டொக், அடகு, பார்மசி சொஃப்ட்வெயர்களில் பெரும்பாலும் ஒரே முறைதான். முதல் தடவை திறக்கும்போது நீளமான ஓர் எண்ணைக் காட்டும். அதை விற்றவரிடம் ஃபோனில் சொன்னால் அவர் இன்னோர் எண்ணைத் தருவார், அதை அடித்தால் திறக்கும். முதல் எண் உங்கள் மெஷினிலிருந்து எடுத்த அடையாளம். அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டிஸ்க்கில் இரண்டு விதமான நம்பர்கள் உண்டு, இரண்டையும் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, டிஸ்க்கைச் செய்த ஃபெக்டரியில் போட்ட சீரியல் நம்பர். மேலே ஒட்டிய லேபலிலும் இருக்கும், உள்ளேயும் இருக்கும். ஃபோர்மெட் செய்தாலும் மாறாது. மற்றொன்று வொலியூம் சீரியல். சி டிரைவை ஃபோர்மெட் செய்யும்போது விண்டோஸ் கொடுக்கும் எட்டு இலக்க எண் அது. கமாண்ட் ப்ரொம்ப்டில் டி.ஐ.ஆர். என்று அடித்தால் மேலேயே தெரியும். ஒவ்வொரு தடவை ஃபோர்மெட் செய்யும்போதும் இது மாறும். ஆனால் டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால், அதாவது பழையதை எழுத்துக்கு எழுத்து புதியதில் பிரதியெடுத்தால், வொலியூம் சீரியலும் கூடவே வந்துவிடும். ஃபெக்டரி சீரியல் வராது, அது புது டிஸ்க்குக்குச் சொந்தமானது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? உங்கள் பில்லிங் சொஃப்ட்வெயர் வொலியூம் சீரியலைப் பிடித்திருந்தால், ஃபோர்மெட் செய்து போட்டால் பூட்டிவிடும், குளோன் செய்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். ஃபெக்டரி சீரியலைப் பிடித்திருந்தால் குளோன் செய்தாலும் பூட்டும், ஆனால் அதே பழைய டிஸ்க்கை ஃபோர்மெட் செய்து போட்டிருந்தால் ஓடியிருக்கும். மதர்போர்டின் எண்ணையோ நெட்வொர்க் கார்டின் எம்.ஏ.சி. முகவரியையோ பிடித்திருந்தால் டிஸ்க் என்ன ஆனாலும் அதற்குக் கவலையில்லை. எம்.ஏ.சி. விஷயத்தில் ஒரு வேடிக்கை: விண்டோஸில் வைஃபைக்கு 'ரேண்டம் ஹார்ட்வெயர் அட்ரஸ்' என்றொரு தெரிவு உண்டு. அதை யாராவது ஓன் செய்தால், எதையும் கழற்றாமலே சொஃப்ட்வெயர் 'இது வேறு மெஷின்' என்று சொல்லத் தொடங்கலாம்.

உள்ளூர் ஆட்கள் மட்டும் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பொறியியல் கணக்கீடுகளுக்கான மெட்லாப் சொஃப்ட்வெயரின் தனியாள் லைசன்ஸ் விண்டோஸில் சி டிரைவின் வொலியூம் சீரியலைத்தான் அடையாளமாகப் பார்க்கிறது. பேராதனையில் பொறியியல் படிக்கும் பிள்ளை ஒன்று சொந்த லெப்டொப்பை ஃபோர்மெட் செய்தால் மெஷின் அதேதான், மெட்லாப்புக்கு மட்டும் அது புது மெஷின். கணக்கு எழுதும் சொஃப்ட்வெயரான டேலியில் இதற்கென்றே 'சரண்டர்' என்ற தெரிவு வைத்திருக்கிறார்கள்: ஃபோர்மெட்டுக்கு முன் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு புதிதாக எடுத்துக்கொள்ளலாம். ஹட்டன் கடைத்தெருவில் டேலி வைத்துக் கணக்கு எழுதும் மொத்த வியாபாரிகள் யாராவது இதை வாசித்தால், அந்தத் தெரிவு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

சரி, உங்கள் கண்டிக்காரரிடம் வருவோம். கழற்றுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு கோல் எடுங்கள். "டிஸ்க் பழுதாகிறது, எஸ்.எஸ்.டி. போடப் போகிறேன், உங்கள் லைசன்ஸ் எதைப் பார்க்கிறது? புது எண் தருவீர்களா? அதற்குக் காசு உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல ஆள் என்றால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பில் இருந்தால் அதையும் படமெடுத்து அனுப்புங்கள். டிஸ்க் பழுதானதற்குப் புது லைசன்ஸ் விலையை முழுதாகக் கேட்பவரோடு தாராளமாகச் சண்டை பிடிக்கலாம். கூலியாக ஏதாவது கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும், அது லைசன்ஸைவிட முக்கியம்: டேட்டா எங்கே இருக்கிறது? பில்லிங் சொஃப்ட்வெயரின் ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் கொப்பி பண்ணிவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். கணக்குகள் பெரும்பாலும் வேறோர் இடத்தில், எஸ்.க்யூ.எல். சேர்வர் போன்ற ஒரு டேட்டாபேஸுக்குள் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலைச் சும்மா இழுத்துக் கொப்பி பண்ண முடியாது. சொஃப்ட்வெயருக்குள்ளேயே பேக்கப் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, வரும் ஃபைலை இரண்டு இடத்தில் வையுங்கள். லைசன்ஸ் போனால் திரும்ப வாங்கலாம். மூன்று வருஷக் கடன் கொப்பியை யாரிடம் வாங்குவது?

விற்றவர் கடையை மூடிவிட்டார், ஃபோன் நம்பர் பாவனையில் இல்லை என்றால்? இங்கே நடப்பதுதான். பண்டாரவளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அந்த நிலையில் ஃபோர்மெட் என்ற பேச்சே வேண்டாம், குளோன் செய்யுங்கள். வொலியூம் சீரியலையோ மதர்போர்டையோ பிடித்த சொஃப்ட்வெயர் என்றால் தப்பிவிடும். ஃபெக்டரி சீரியல் என்றால் குளோன் ஓடாது, ஆனாலும் பழைய டிஸ்க்கைக் கொஞ்ச நாளைக்கு மாட்டி டேட்டாவை எக்ஸெலுக்கு எடுக்கலாம், எடுத்துக்கொண்டு வேறு சொஃப்ட்வெயருக்கு மாறலாம். கிரேக் (லைசன்ஸ் பூட்டை உடைக்கும் திருட்டு நிரல்) போட்டுத் திறந்து தருகிறேன் என்று வருபவரிடம் கடைக் கணக்கைக் கொடுக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கொம்பியூட்டர் நிரல்களுக்கும் பாதுகாப்பு உண்டு. சட்டத்தை விட்டாலும், அந்தக் கிரேக்கோடு சேர்ந்து வருவது என்னவென்று உங்களுக்கும் தெரியாது, கொண்டு வருபவருக்கும் தெரியாது.

குளோனுக்கு குளோன்ஸில்லா என்ற இலவசக் கருவி இருக்கிறது. பல எஸ்.எஸ்.டி. கம்பனிகளும் தங்கள் டிஸ்க்குக்கென்று ஒரு கருவியைத் தருகின்றன. உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல்: பழையது 1 டெராபைட், புதியது 500 ஜிபி. குளோன்ஸில்லா பெரியதிலிருந்து சிறியதற்குச் சும்மா போகாது, முதலில் பார்ட்டிஷனை (சி டிரைவ் போன்ற டிஸ்க்கின் பகுதியை) சுருக்க வேண்டும். சத்தம் போடும் டிஸ்க்கில் பார்ட்டிஷன் சுருக்குவது ஆபத்து. ஆகவே படங்களையும் ஆவணங்களையும் பில்லிங் பேக்கப்பையும் முதலில் வெளியே எடுங்கள், பிறகுதான் குளோன் பற்றிய யோசனை. பாமினி எழுத்துருவையும் அதோடு எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு லைசன்ஸ் தொல்லை இல்லை, ஆனால் மறந்துவிட்டுப் போனால் மரண அறிவித்தல் அடிக்க ஆள் வந்து நிற்கும்போது தேட வேண்டிவரும். குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கையும் புதியதையும் ஒன்றாக மாட்டி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

என்னைக் கேட்டால், கண்டிக்காரர் புது எண் தருகிறேன் என்று சொல்லிவிட்டால் குளோன் வேண்டாம். 2019இலிருந்து சேர்ந்த குப்பையையும் சேர்த்து ஏன் புது டிஸ்க்கில் ஏற்ற வேண்டும்? சுத்தமாகப் போடுங்கள்.

ஜாதக சொஃப்ட்வெயர் பல இந்தியாவிலிருந்து வருபவை, சில யூ.எஸ்.பி. சாவியோடு வரும். இண்டர்நெட் டொங்கிளைச் சொல்லவில்லை, சிம் போட முடியாத ஒரு சின்னத் துண்டு. உங்களுடையது அப்படியானது என்றால் அதிர்ஷ்டம்: லைசன்ஸ் அந்தத் துண்டிலேயே இருக்கிறது, எந்த டிஸ்க்காக இருந்தாலும் டிரைவரைப் போட்டுச் செருகினால் ஓடும். தொலைத்தால் மட்டும் சொஃப்ட்வெயரையே தொலைத்த மாதிரி. சாவி இல்லாமல் எண் கேட்கும் வகை என்றால் பில்லிங்குக்குச் சொன்னதேதான்.

ஃபோட்டோஷொப் சந்தா முறையில் இரண்டு மெஷின்களில் நுழைந்திருக்கலாம். டிஸ்க் திடீரென்று செத்தாலும் புதியதில் நுழையும்போது 'பழையதை வெளியேற்றவா' என்று அதுவே கேட்கும். சீ.எஸ்.6 போன்ற பழைய பெட்டிப் பதிப்பு என்றால் ஹெல்ப் மெனுவில் டீஅக்டிவேட் என்பதை முதலில் அழுத்துங்கள். பழைய பதிப்புகளை நம்பி நீண்ட நாள் இருக்க முடியாது என்பதற்கு அடோபியிலேயே உதாரணம் உண்டு. சீ.எஸ்.2க்கான அக்டிவேஷன் சேர்வரை அவர்கள் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட மறுபடி அக்டிவேட் செய்ய முடியாமல் போய், 2013 வாக்கில் அக்டிவேஷன் தேவையில்லாத பிரதியைத் தனியாகத் தர வேண்டியதாயிற்று. அப்படித் தராத கம்பனிகளும் உண்டு. வைரஸ் கார்டுக்கு (வைரஸைத் தடுக்கும் சொஃப்ட்வெயருக்கு) அதன் கீயும் ஈமெயிலும் இருந்தால் போதும்.

இனி அந்தப் பழைய டெஸ்க்டொப். விண்டோஸ் 7இலிருந்து இலவசமாக 10க்கு ஏறியதென்றால் அதற்கு டிஜிட்டல் லைசன்ஸ் கிடைத்திருக்கும். இலவச ஏற்றம் 2016 ஜூலை 29இல் முடிந்ததாக அறிவித்தாலும், அதன் பிறகும் பழைய கீகளை வருஷக்கணக்காக ஏற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். 2023 செப்டெம்பரில்தான் அந்தக் கதவை மூடினார்கள். ஏற்கனவே அக்டிவேட் ஆன மெஷின்களுக்கு அதனால் பாதிப்பில்லை, டிஸ்க் மாற்றினாலும் திரும்ப அக்டிவேட் ஆகும். பெட்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரை நம்பிப் புதிதாக 10 போடுவதுதான் இனி நடக்காது.

அந்த மெஷினில் டிஸ்க்கைவிட மதர்போர்டைப் பற்றித்தான் பயப்பட வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் நம் பக்கம் இடிமின்னலுக்குக் குறைவில்லை. மின்னலில் மதர்போர்ட் போனால் அதோடு சேர்ந்த லைசன்ஸும் பெரும்பாலும் போகும். மெஷினோடு வந்த லைசன்ஸும் அதிலிருந்து இலவசமாக ஏறியதும் அந்தப் போர்டோடு பிறந்தவை. தனியாகக் கடையில் வாங்கிய முழு விலை விண்டோஸ் என்றால் மாற்றலாம்: மைக்ரோசொஃப்ட் கணக்கோடு முன்கூட்டியே இணைத்திருந்தால், புது போர்டில் அக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரைத் திறந்து 'அண்மையில் ஹார்ட்வெயரை மாற்றினேன்' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். வொரண்டியில் கம்பனியே போர்டை மாற்றித் தந்தால் புது லைசன்ஸ் வாங்க வேண்டியதில்லை. வெளியே பழைய போர்ட் வாங்கி மாட்டும் லெப்டொப்களில், அந்தப் போர்டின் சிப்பிலிருந்த கீயால் விண்டோஸ் தானே அக்டிவேட் ஆகிவிடுவதும் உண்டு.

பழைய டெஸ்க்டொப்பில் இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எத்தனையோ பேரை அலைய வைத்தது. மதர்போர்டிலுள்ள காசு மாதிரி வட்ட பெட்டரி செத்திருந்தால், ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் திகதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். திகதி பிழையாக இருந்தால் அக்டிவேஷன் சேர்வரோடு பேச முடியாது, பிழைச் செய்தி லைசன்ஸைப் பற்றி ஏதோ சொல்லும். 2032 என்று எண் போட்ட பெட்டரியை மணிக்கூட்டுக் கடையில் வாங்கி மாட்டி, திகதியைச் சரிசெய்துவிட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பதிந்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை. உங்கள் லெப்டொப்பில் இன்டெல் 8ஆம் தலைமுறை ப்ரொசெஸரும் டி.பி.எம். 2.0உம் இருந்தால் (2019இல் வாங்கியது என்றால் வாய்ப்பு அதிகம்) எஸ்.எஸ்.டி.யில் நேராக 11ஐயே போட்டுவிடுங்கள். 10க்கு இருக்கும் அதே லைசன்ஸ் 11க்கும் செல்லும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பில்லிங் சொஃப்ட்வெயர் 11இல் ஓடுமா என்பதைக் கண்டிக்காரரிடம் அதே கோலில் கேட்டுவிடலாம். டெஸ்க்டொப் 11க்குத் தாங்காது. பிரிண்ட் எடுக்கவும் ஃபோட்டோகொப்பி வேலைக்கும் மட்டும் என்றால் லினக்ஸும் லிப்ரே ஒஃபிஸும் போட்டு வைக்கலாம், அங்கே லைசன்ஸ் என்ற கேள்வியே இல்லை.

ஃபேஸ்புக்கில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் விண்டோஸ் கீகளைப் பற்றியும் ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். அவற்றில் பல, கம்பனிகளுக்கென்று கொடுத்த ஒரே கீயைப் பலருக்குத் துண்டு போட்டு விற்பவை. மைக்ரோசொஃப்ட் அந்தக் கீயை முடக்கினால் உங்களுடையதும் சேர்ந்து போகும். உங்களுக்கு அது தேவையே இல்லை, சிப்பில் சொந்தக் கீ இருக்கிறது.

பழுது பார்க்கும் கடைக்குக் கொடுக்கும்போது "ஃபோர்மெட் பண்ண வேண்டாம், பழைய டிஸ்க்கைக் கையில் தாருங்கள்" என்று வாயால் சொல்வதோடு ஒரு துண்டிலும் எழுதி லெப்டொப்பில் ஒட்டிவிடுங்கள். வாங்கும் ஆள் ஒருவர், வேலை செய்யும் ஆள் இன்னொருவர். பழைய டிஸ்க்கை எஸ்.எஸ்.டி. வந்த உறையிலேயே போட்டு, நம் ஊர் ஈரத்துக்கு ஒரு சிலிக்கா பொட்டலமும் வைத்துக் கட்டி, பில்லிங் ஒரு மாதக் கணக்கை ஒழுங்காக முடிக்கும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

நாளையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். தோட்டத்தில் சம்பளம் போடும் நாட்களில் கடை நிரம்பி வழியும், அப்போது வேண்டாம். போயா தினத்தில் கடையில் கூட்டம் குறைவு என்று அன்றைக்கு வைத்தாலும் கண்டிக்காரர் ஃபோன் எடுக்கமாட்டார், திறக்கும் எண் இல்லாமல் அடுத்த நாள் வரை பில் போட முடியாது. நடுவாரத்தில் ஒரு காலை நேரம், அவரிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிட்டு.